ஸ்க்ரூ போடும்போது பேசக் கூடாது

மழைக்கு ஒதுங்கியவள் ஒதுங்கினோமா போனோமா என்று இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே…

"அங்கிள், இதை இனிமே ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இன்னிக்கு இது போகும், நாளைக்கு அது போகும். பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

அவள் அதைச் சொன்ன இடம்தான் வேடிக்கை. செல்போன் பழுது பார்க்கும் கடையின் வாசல் அது. மூன்றடி அகலத் தகரக் கூரையின் கீழே, பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்ததோ எதிர்ச்சாரியில் புது போன் விற்கும் ஷோரூமின் ஆரஞ்சு நிறச் சட்டை.

உள்ளே மேசையில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். எந்நேரமும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பதால் தெருவில் அவனுக்கு லென்ஸ் என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் கரண்ட் பில்லில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள். எதிர்க்கடையில் ஆரஞ்சுச் சட்டைகள் சில நடமாடுகின்றன என்பதற்கு மேல் அவனுக்கு அந்த ஷோரூமைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எதிரே ஷோரூமுக்கு இருபதடி அகலத்தில் முகப்பு. ஒரு கல்யாணக் கூட்டமே நனையாமல் நிற்கலாம். அதை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி இங்கே வந்து ஒதுங்குவானேன்… ஆள் பிடிக்கத்தானே?

"ஏங்க… என் வாசல்லயே நின்னுக்கிட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே. இது நியாயமா?"

அவள் திரும்பினாள்.

முன்முடி நெற்றியில் நனைந்து ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்கள் பயப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சிரிக்கத் தயாராகத்தான் இருந்தன… எதிராளி முதலில் சிரிக்கட்டும் என்று காத்திருந்தன. லென்ஸுக்கு அடுத்துச் சொல்ல வைத்திருந்த வாக்கியம் மறந்துபோனது. நல்லவேளை, அதற்கு அடுத்தது ஞாபகம் இருந்தது.

"அந்தப் போனைக் கொடுங்க அங்கிள். என்ன கோளாறு?"

"எதிராளி பேசறது கேக்கவே மாட்டேங்குதுப்பா."

காது வைக்கும் இடத்தில் இருந்த சல்லடையைப் பார்த்தான். சின்ன பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு, ஓர் ஊதல். தூசிதான் அடைத்திருந்தது. பெரியவர் வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர் மனைவி அவரைத் திட்டியது மூன்று பேருக்கும் கேட்டது.

"முன்னைக்கு இப்ப நல்லாவே கேக்குது" என்றார் பெரியவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

லென்ஸ் அவளைப் பார்த்து, "அஞ்சு வருஷம் ஆன போனுங்க. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றான். அவள் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. மழை விடுவதற்குள் இறங்கி, சட்டைக் காலரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டாள்.

"பாவம்டா… நனைஞ்சுக்கிட்டுப் போகுது" என்றாள் கடையின் முன்பக்கத்தில் கவரும் கண்ணாடித் தகடும் விற்கும் அக்கா. லென்ஸின் உடன்பிறந்த அக்கா. தம்பி பார்க்காததை எல்லாம் சேர்த்து அவள்தான் பார்ப்பாள்.

"யாரு பாவம்? அது வாயைப் பார்த்தியா?"

"நான் வாயைப் பார்க்கல. நீ பார்த்ததைத்தான் பார்த்தேன்."

அவன் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டான்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆரஞ்சுச் சட்டை கடைக்குள்ளேயே ஏறி வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தாள்.

"எங்க மேனேஜர் பார்த்தா தொலைஞ்சேன். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

கைக்குட்டையைப் பிரித்தான். ஏழு வருஷப் பழசு. மூலையில் விரிசல். பின்மூடி லேசாக உப்பியிருந்தது. லென்ஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா? இன்னிக்கு இது போகும், நாளைக்கு அது போகும்… பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்."

அவள் பதிலுக்குப் பாயவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து, திரையில் இருந்த கட்டம் ஒன்றைத் தொட்டாள்.

*குடை எடுத்துக்கிட்டியா? எடுத்திருக்க மாட்டே. தெரியும்.*

ஒரு பெண்மணியின் குரல். கணீரென்று, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக விழும் குரல். லென்ஸின் கை அந்தரத்தில் நின்றது.

"எங்க அம்மா" என்றாள் அவள். "தொண்டைல கட்டி. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி பத்து நாள் உக்காந்து இதுல பேசிப் பதிவு பண்ணாங்க. இருநூத்திப் பதினாலு வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன். மூணு வருஷமா அம்மா பேசறது இதுலதான். அதுல பாதிக்கு மேல என்னைத் திட்டறது. என்னென்ன தப்புப் பண்ணுவேன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு…"

சிரிக்கப் பார்த்தாள். கண் ஒத்துழைக்கவில்லை.

"வேற போனுக்கு மாத்தலாமே?" என்றான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"எங்க கடைல இருக்கற அத்தனை போன்லயும் பார்த்துட்டேன். புதுசு எதுலயும் இந்த ஆப் ஓடல. செஞ்சவங்களே மூடிட்டுப் போயிட்டாங்க. பட்டனை அழுத்தி அழுத்தி இன்னொரு போன்ல பதிவு பண்ணலாம்னு முந்தாநாள்தான் புத்தி வந்துச்சு. நல்லா ஓடற வரைக்கும் யாருக்குங்க அதெல்லாம் தோணுது? அன்னிக்கே அணைய ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு பட்டன் தாண்டறதுக்குள்ள கண்ணை மூடிக்குது." ஒரு நொடி நிறுத்தினாள். "எல்லாருக்கும் புதுசு வாங்குங்கன்னு சொல்றவதான். இதை மட்டும் எப்படியாவது பிழைக்க வெச்சுக் கொடுங்க."

"அந்தக் குரலை இன்னொரு தடவை போடுங்க" என்றான் லென்ஸ்.

போட்டாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"ரயில்வே ஸ்டேஷன்…"

அவள் நிமிர்ந்தாள். "இருபத்தாறு வருஷம் அங்கே அறிவிப்பாளரா இருந்தாங்க. உங்களுக்கு எப்படி…"

"ஏழு நாப்பது வண்டிங்க. படிக்கறப்ப மூணு வருஷம் தினமும் ஓடி ஓடிப் பிடிச்சேன். நான் படியில கால் வைக்கற வரைக்கும் அந்தக் குரல் 'புறப்படத் தயாராக உள்ளது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்காகவே வண்டியைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கற மாதிரி இருக்கும்."

"அது எல்லாருக்கும் சொல்றதுங்க" என்றாள். ஆனால் இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

பேட்டரி உப்பியிருக்கிறது, மாற்றினால் போதும், சாயங்காலம் வாருங்கள் என்றான் லென்ஸ். அவள் நகரவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தையை ஊசி போடக் கொண்டுவந்த தாய் முகம் அது. போ என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவள் இருக்கட்டும் என்றேதான் அந்த மனம் நினைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சூடு காட்டி மூடியைப் பிரித்தான். உள்ளே இருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு தாளில் வரைந்திருந்த போன் படத்தின் மேல் அதனதன் இடத்தில் ஒட்டி வைத்தான்.

"இவ்வளவு குட்டியா இருக்கே… எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு இந்தப் படம்?"

"ஒண்ணு இல்லம்மா" என்று முன்பக்கத்திலிருந்து அக்கா பதில் சொன்னாள். "ஒண்ணு கடுகு, ஒண்ணு கடுகுல பாதி. குட்டைக் குழியில நெட்டையைப் போட்டுத் திருகினா அடியில இருக்கற போர்டைத் துளைச்சிடும். போன் அங்கேயே காலி. அதனால இந்தக் கடையில ஒரே ஒரு சட்டம்தான். ஸ்க்ரூ போடும்போது பேசக் கூடாது. கூரை பத்தி எரிஞ்சாக்கூட கடைசி ஸ்க்ரூ போட்டுட்டுத்தான் என் தம்பி தண்ணி எடுக்கப் போவான். ஒன்பது வருஷத்துல ஒரு போன்கூட இந்த மேசையில செத்ததில்ல, பார்த்துக்கோ."

அக்காவுக்கு அந்தப் பெருமை உண்டு. தம்பிக்கு அதைவிட உண்டு.

புது பேட்டரி சிக்கென்று உட்கார்ந்தது. லென்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் ஸ்க்ரூவை எடுத்தான். ஒன்று… இரண்டு… மூன்று…

"எப்பவும் ஒத்தக் கண்ணாலதான் பார்ப்பீங்களா?" ரகசியம் கேட்பது மாதிரி அவள் கேட்டாள். "இன்னொரு கண்ணு என்னதான் பண்ணும்?"

சட்டம் சட்டமாகவே இருந்தது. வாய்தான் மீறிவிட்டது.

"அது சும்மா இருக்கும்." லென்ஸை நெற்றிக்கு ஏற்றினான். பார்த்தான். "ரெண்டு கண்ணாலயும் பார்க்கற மாதிரி இதுவரைக்கும் எதுவும் வரல… அதான்."

முன்பக்கத்தில் அக்கா இருமினாள். முக்காலியில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே தூறல் தகரத்தில் தாளம் போட ஆரம்பித்தது. லென்ஸ் அவசரமாகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கைக்கு வந்த ஸ்க்ரூவை எடுத்துக் குழியில் வைத்துத் திருகினான். கடைசிச் சுற்றில் உப்புக்கல் நெரிபடுவதுபோல் ஏதோ ஒன்று கையில் தட்டியது. கவனிக்க வேண்டிய மனசு எங்கேயோ இருந்தது.

ஐந்தாவதையும் போட்டான். பட்டனை அழுத்தினான்.

திரை விழிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். கறுப்பு.

"என்னாச்சு?"

"கொஞ்சம்… நேரமாகும். சாயங்காலம் வாங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள். அவள் ரோட்டைத் தாண்டியதும் நான்காவது ஸ்க்ரூவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். நெட்டை. அதன் நுனியில் செம்புத் தூள் மினுமினுத்தது.

அக்கா வந்து பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழு வருஷப் பழசுடா. பேட்டரி வேற உப்பியிருந்துச்சு. ஆயுசு முடிஞ்சுதுன்னு சொன்னா யாரு இல்லேங்கப் போறா? அந்தப் பொண்ணே தினம் நாலு பேருக்கு அதைத்தானே சொல்லுது…"

உண்மைதான். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஒன்பது வருஷப் பேர் தப்பும். அவளும் அழுதுவிட்டு நம்பிவிடுவாள். ஏன், ஆறுதல் சொல்கிற சாக்கில் பக்கத்தில்கூட உட்காரலாம்… இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"என்னை நம்பிக் கொண்டுவந்து வெச்சிருக்கா, அக்கா" என்றான். லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான்.

ஒன்பது வருஷத்தில் அவன் அந்த ஷோரூம் படியை மிதித்ததில்லை. அன்று தூறலில் நனைந்துகொண்டே போய், கண்ணாடிக் கதவைத் தள்ளினான். உள்ளே ஒரு குடும்பத்துக்குப் புது போன் காட்டிக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"சரியாயிடுச்சா?"

"இல்லீங்க. செத்துப்போச்சு."

அவள் கையிலிருந்த புது போனை மெதுவாக மேசையில் வைத்தாள். "பழசுதானே… ஆயுசு முடிஞ்சிருக்கும்…" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

அக்கா சொன்ன அதே வாக்கியம். அவளே எடுத்து நீட்டுகிறாள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"இல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன். ஸ்க்ரூவை மாத்திப் போட்டுட்டேன்."

மேனேஜர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பார்த்தீங்களா சார்? எதிர்க்கடைக்காரரே தன் வாயால சொல்றாரு. ரிப்பேருக்குக் கொடுத்தா கதி இதுதான்."

லென்ஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனா அம்மா கையை நீட்டுவாங்க" என்றாள். "நான் எதைக் கொடுக்கறது?"

அவன் நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒன்பது வருஷமா பேசாதவர்தானே நீங்க? இன்னிக்கு மட்டும் ஏன் பேசினீங்க?"

"அதைச் சொல்ல இப்ப எனக்கு யோக்கியதை இல்லீங்க. முதல்ல போனைப் பிழைக்க வெக்கறேன். ஞாயித்துக்கிழமை வாங்க. அப்பச் சொல்றேன்."

"பிழைக்கலைன்னா?"

"சொல்லவே மாட்டேன்."

சனிக்கிழமை தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மேனேஜர் சும்மா இருப்பாரா? கடைக்கு வந்த மூன்று பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். அதில் ஒருவர், "நேத்து யாரோட போனோ…" என்று ஆரம்பித்து, அக்காவின் முறைப்பைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். லென்ஸுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவன் குனிந்தவன்தான்.

ஸ்க்ரூ துளைத்த இடத்தில் போர்டின் பச்சைத் தோலைச் சுரண்டிப் பார்த்தான். தலைமுடியில் பாதி கனமுள்ள நான்கு செம்புக் கோடுகள் அறுந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மயிரிழைக் கம்பி வைத்துப் பற்றவைத்தான். மூச்சு விட்டால் கம்பி பறந்துவிடும். சனிக்கிழமை மாலை பட்டனை அழுத்தியபோது திரையில் வெளிச்சம் வந்தது… இரண்டு நொடி நின்றது… அணைந்தது.

"விட்டுடு தம்பி. உன்னால ஆனதைப் பார்த்துட்டே" என்றாள் அக்கா.

"வெளிச்சம் வந்துச்சேக்கா. இன்னும் எங்கேயோ ஒரு கோடு அறுந்திருக்கு. அவ்வளவுதான்."

அந்த ஐந்தாவது கோடு மேல்தட்டில் இல்லை, அடியில் ஒளிந்திருந்தது. ஞாயிறு காலை முழுக்கத் தேடி மத்தியானம்தான் கண்டுபிடித்தான். அதற்குக் கம்பி வைத்து, ஒட்டு ஆறுவதற்குக் காத்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் அவளை முதன்முதலாகப் பார்த்தான். இளநீல உடுப்பு. இரண்டு நாள் தூங்காத கண்கள். பக்கத்தில் கழுத்தில் சின்ன துணி சுற்றிய ஓர் அம்மாள், நேராக நிமிர்ந்து, கையில் நோட்டும் பேனாவுமாக.

"நாலு மணிக்குப் போகலாம்னு சொன்னேன், வீட்டுல உக்காரவே மாட்டேன்னுட்டாங்க" என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அம்மா நோட்டில் எழுதி அவன் முன்னால் நீட்டினார். *என் குரலைக் கெடுத்த தம்பி நீங்கதானா?*

"ஆமாங்கம்மா" என்றான்.

அம்மா இன்னொரு வரி எழுதினார். *மூடி மறைக்காம வந்து சொன்னீங்களாமே. நானும் அப்படித்தான். வண்டி தாமதம்னா தாமதம்னு சொல்லிடுவேன். திட்டு வாங்கினாலும் சரி, ஜனங்களைக் காக்க வெச்சு ஏமாத்தக் கூடாது.*

லென்ஸுக்குக் கண் கரித்தது. ஒட்டு ஆறிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தான். அக்கா கவர் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டனை அழுத்தினான்.

வெளிச்சம். ஒரு நொடி… இரண்டு… மூன்று… அணையவில்லை. திரை விரிந்தது. கட்டங்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன, ஒன்று குறையாமல்.

திறந்து கிடந்த போனை இரண்டு கையாலும் ஏந்தி அம்மாவிடம் நீட்டினான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் தேடி, ஒரு கட்டத்தைத் தொட்டார். அவனைப் பார்த்துக்கொண்டே தொட்டார்.

*ஒரு வேலையையாவது ஒழுங்கா செய்ய மாட்டியா?*

கணீரென்று வந்தது குரல். முதலில் சிரித்தது அக்காதான். பிறகு மகள் சிரித்தாள்… சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். லென்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். உலகத்தில் இவ்வளவு இனிப்பான திட்டை அவன் அதுவரை வாங்கியதில்லை.

"இருநூத்திப் பதினாலையும் முதல்ல வேற போன்ல பதிவு பண்ணிடணும்" என்றான் லென்ஸ். "சத்தம் இல்லாத நேரமாப் பார்த்து, ஒவ்வொண்ணா. இனிமே இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது."

"பத்து நாளாகுமா?" என்று கேட்டாள் அவள்.

"தினம் சாப்பாட்டு நேரத்துல மட்டும்னா… இருபது நாள்."

"அப்ப இருபது நாள்" என்றாள் உடனே. அக்கா மறுபடி இருமினாள்.

இனி போனை மூட வேண்டும். அம்மாவை முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள் அக்கா. லென்ஸ் மேசையில் உட்கார்ந்தான். தாளில் ஐந்து ஸ்க்ரூவும் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் அதே முக்காலியில் வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், உள்ளங்கையால் தன் வாயை இறுக மூடிக்கொண்டாள். கைக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன. அவனுக்குத் தெரியும், பார்க்கக் கூடாது.

பார்க்கவில்லை. ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு. நான்காவதை விரல் நுனியில் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுப் போட்டான். கடைசிச் சுற்றில் எதுவும் நெரிபடவில்லை. ஐந்து. மூடியை அழுத்தினான்.

அவள் கையை எடுத்தாள்.

"இப்பப் பேசுங்க."

இரண்டு நாளாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். எல்லாம் பறந்துவிட்டது.

"ஏன் பேசினேன்னு கேட்டீங்க இல்ல… நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. என் கை என்ன பண்ணுதுன்னே எனக்குத் தெரியல. ஒன்பது வருஷமா இப்படி ஆனதே இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதாங்க காரணம். இதை விடக் கௌரவமா ஒரு காரணம் இருந்தா நல்லாத்தான் இருக்கும்… இல்ல."

அவள் மேசைமேல் கிடந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்க ஷோரூம் வாசல் எத்தனை அடி இருக்கும்?"

"இருபதடி." அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க தகரக் கூரை?"

"மூணடி."

"இருபதடியை விட்டுட்டு, ரோட்டைத் தாண்டி நனைஞ்சுக்கிட்டு வந்து, ஒருத்தி எதுக்குங்க மூணடியில நிப்பா?"

"ஆள் பிடிக்க…"

"ஆமா. ஆள் பிடிக்கத்தான்." காது மடல் சிவந்தது. "மூணு மாசமா எதிர்க்கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு ஆள் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கணுமே… ம்ஹூம். குனிஞ்ச தலை நிமிரறதில்ல. அதான், அவர் கோவப்படற மாதிரி அவர் வாசல்ல வந்து நின்னு ஏதாவது பேசினா என்னன்னு தோணுச்சு. அந்த அங்கிள் போன்ல வெறும் தூசின்னு எனக்கும் தெரியும்."

லென்ஸ் திரும்பி எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை உங்களை வெறுத்துடலாம்னு எவ்வளவோ பார்த்தேன்" என்றாள், குரல் இறங்க. "நீங்க பொய் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். வெறுக்கவும் வேண்டி இருந்திருக்காது. நீங்க நனைஞ்சுக்கிட்டு வந்து எல்லார் முன்னாடியும் நான்தான்னு சொன்னீங்க. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்… பாதி போனுக்காக. மீதி, இந்த ஆளைப் போய் பிடிச்சுத் தொலைச்சிடுச்சேன்னு."

"இப்ப?"

"இப்ப முழுசும் ரெண்டாவதுதான்." அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு முதல் வேலையா எங்க மேனேஜர்கிட்ட சத்தமாச் சொல்லப் போறேன். செத்த போனைப் பிழைக்க வெச்சுட்டாரு எதிர்க்கடைக்காரர்னு. கஸ்டமர் நிறைய இருக்கற நேரமாப் பார்த்து."

அம்மாவுக்குப் போனது குரல் மட்டும்தான். காது இரண்டும் பாம்புச் செவி. முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் மூடிய போனை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போனார்… கடைசி வரிசை வரைக்கும்.

"அம்மா, வேணாம்மா… அதை மட்டும் போடாதீங்க…"

அம்மா போட்டார்.

*பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதலாவது நடைமேடையில் நிற்கும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது. வழியனுப்ப வந்தவர்கள் தயவுசெய்து கீழே இறங்கிக்கொள்ளவும்.*

"நாமதான்மா அது, வாங்க" என்று அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தகரக் கூரையின் கீழே இறங்கிவிட்டாள். வெளியே மழை பிடித்திருந்தது. மூன்றடிக்குள் இரண்டு பேரும் ஒட்டி நின்று, உள்ளே திரும்பிப் பார்க்கவே கூடாது என்ற தீர்மானத்தோடு, எதிரே பூட்டிக் கிடந்த இருபதடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். லென்ஸ் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, ஸ்க்ரூத் தாளின் மேல் வைத்தான். இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டியிருந்தது.